மருந்து ஏற்றிய களிமண் நானோ இழை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு ஒரே விஷயம்தான். "அக்கா, போன வாரம் இதே சொல்யூஷன், இதே வோல்ட், இழை பட்டு மாதிரி வந்தது. இந்த வாரம் ஒரே பிசுபிசுப்பு. வோல்ட்டை ஏற்றிப் பார்க்கட்டுமா?" கேட்பவர் தரமணியிலோ கிண்டியிலோ ஏதோ ஒரு ஆய்வகத்தில் எலக்ட்ரோஸ்பின்னிங் பெட்டி (உயர் மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை ஊசியிலிருந்து இழுத்து நுண்ணிழையாக நூற்கும் பெட்டி) முன்னால் நிற்கிறார், கை ஏற்கெனவே குமிழில் இருக்கிறது. அந்தக் கையை எடுங்கள், அதுதான் என் முதல் பதில். களிமண்ணில் மருந்தை ஏற்றி, அதைப் பாலிமரோடு கலந்து, புண்மேல் ஒட்டினால் மருந்து மெல்ல வெளிவரும் இழைப் படலமாக நூற்பதுதான் இந்த வேலை. இதில் கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. இழையில் தெரிவது முந்தாநாள் களிமண்ணை ஊறவைத்த பாத்திரத்தில் பிறந்திருக்கும், மருந்து வெளிவரும் வரைபடத்தில் தெரிவது இழை நூற்பதற்கும் முந்தைய நாள் பிஎச் பார்க்காமல் விட்டதில் பிறந்திருக்கும். அதனால் கீழே எழுதியிருப்பதில் எந்தக் கோளாறைப் பார்த்தாலும் ஒரு படி பின்னால் போய்த் தேடுங்கள்.

இன்னொன்று. களிமண் இல்லாத வெறும் பாலிமர் இழை, மருந்து இல்லாத களிமண் இழை, இந்த இரண்டையும் அதே நாளில் அதே பெட்டியில் நூற்று வைத்துக்கொள்ளுங்கள். இவை கையில் இல்லாவிட்டால் கீழே சொல்வதில் பாதியைச் சோதிக்கவே முடியாது.

ஊசி நுனியில் சொட்டுகிறது, இழையே வரவில்லை

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஊசி நுனியைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் துளி நீண்டு கூம்பாகி, அதன் முனையிலிருந்து மெல்லிய ஒரு கோடு கிளம்பும், ஓரிரு சென்டிமீட்டர் நேராகப் போய் அப்புறம் சாட்டை சுழல்வதுபோல் கலைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் இந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3 பாகை என்று கணக்கிட்டுக் காட்டினார், அதனால்தான் டெய்லர் கூம்பு என்கிறோம். கூம்பு வராமல் உருண்டையாகவே தொங்கிச் சொட்டினால் கரைசல் நீர்த்திருக்கிறது, அல்லது மின்னழுத்தம் உண்மையில் ஊசிக்குப் போய்ச் சேரவில்லை. இடியாப்ப மாவு தளர்ந்தால் அச்சில் நூலாக இறங்காது இல்லையா, அதுபோலத்தான், பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அளவுக்குச் செறிவு வேண்டும். மூலக்கூறு எடை 80,000 உள்ள பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன்) என்றால் 10 முதல் 12 சதவீதம், பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்றால் 8 முதல் 10 சதவீதம், இங்கிருந்து தொடங்கலாம். 15 கிலோவோல்ட், ஊசிக்கும் கலெக்டருக்கும் (இழை வந்து விழும் உலோகத் தளம்) இடையே 15 சென்டிமீட்டர், பம்பு மணிக்கு அரை முதல் ஒரு மில்லி லிட்டர் தள்ள வேண்டும், 22 கேஜ் ஊசி.

கூம்பு வருகிறது, ஆனால் இழை கலெக்டருக்குப் போகாமல் சுவரிலும் பம்பின் மேலும் உங்கள் சட்டைக் கையிலும் போய் ஒட்டுகிறது என்றால் எர்த் சரியில்லை. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் கலெக்டரின் எர்த் ஒயர் துருப்பிடித்த ஒரு கவ்வியில் பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது, கடற்கரைக்குப் பக்கத்தில் எந்தக் கவ்வியும் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. நான்கு நாள் கரைசலை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஐந்தாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து கவ்வியைத் தேய்த்துப் போட்டார், இழை நேராகப் போனது. சப்ளையை அணைத்து, மின்னூட்டத்தை இறக்கிய பிறகே இதில் கை வைக்க வேண்டும்.

களிமண் சேர்த்ததும் ஊசி அடைத்துக்கொள்கிறது

வெறும் பாலிமர் ஓடுகிறது, களிமண் சேர்த்தால் பத்து நிமிடத்தில் ஊசி அடைக்கிறது. இதற்கு மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன், முதலாவதுதான் அதிகம்.

உலர்ந்த களிமண் பொடியை நேராகப் பாலிமர் கரைசலில் கொட்டியிருப்பீர்கள். கூழ் காய்ச்சும்போது கேழ்வரகு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டுதானே உலையில் ஊற்றுகிறோம்? நேராகக் கொட்டினால் கட்டி தட்டும், வெளியே வெந்து உள்ளே மாவாகவே இருக்கும். இங்கேயும் அதேதான். நாம் அதிகம் பயன்படுத்தும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் ஒரு நானோமீட்டர் தடிமன் உள்ள தகடுகள் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பது, அந்த அடுக்குக்குள் கரைப்பான் புகுந்து தகடுகளைப் பிரிக்க நேரம் வேண்டும். பாகுபோல் இருக்கும் பாலிமர் கரைசலில் அது நடக்காது. முதலில் கரைப்பானில் மட்டும் களிமண்ணைப் போட்டு இரவு முழுக்கக் கலக்குங்கள், காலையில் சோனிகேட்டரில் (ஒலி அலையால் குலுக்கிக் கட்டியை உடைக்கும் கருவி) வையுங்கள், அதற்கப்புறம் பாலிமரைச் சேருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பாலிமர் சேர்த்த பிறகு கரைசலுக்குள்ளேயே கம்பியை இறக்கும் புரோப் சோனிகேட்டரைப் போட்டால் அது பாலிமர் சங்கிலியையே அறுக்கும், கரைசல் நீர்த்துப்போகும், அப்புறம் மணி மணியாக இழை வருகிறது என்று இன்னொரு கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, கரைப்பானும் களிமண்ணும் ஒத்துப்போகவில்லை. சோடியம் மாண்ட்மோரில்லோனைட்டுக்குத் தண்ணீர் பிடிக்கும், குளோரோஃபார்மில் அது விரியவே விரியாது, மணல்போல அடியில் உட்காரும். பிசிஎல்லுடன் குளோரோஃபார்மில் வேலை செய்கிறீர்கள் என்றால் களிமண்ணை முதலில் டைமெத்தில் ஃபார்மமைடில் விரித்துக்கொண்டு சேருங்கள், அல்லது மருந்தை ஏற்றிக் கழுவிய களிமண்ணைப் பயன்படுத்துங்கள், கரிம மூலக்கூறு உள்ளே உட்கார்ந்த பிறகு அதன் தண்ணீர் மோகம் கொஞ்சம் குறையும். லாப்போனைட் வகைக் களிமண் என்றால் வேறு கதை, 25 நானோமீட்டர் அகலத்தில் சின்னச் சின்ன வட்டுகள், தண்ணீரில் 2 சதவீதத்தைத் தாண்டினாலே நிற்க நிற்க ஜெல்லாகிவிடும். சிரிஞ்சில் ஏற்றும்போது தண்ணீராக இருந்தது ஒரு மணி நேரத்தில் உறைந்தால் பம்பு மேல் தவறில்லை.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: தண்ணீர். சென்னையில் பல கட்டடங்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன, உப்பும் கால்சியமும் கூடுதல். அந்தத் தண்ணீரில் ஓடும் பழைய வடிகலத்திலிருந்து வருவதை டிஸ்டில்டு வாட்டர் என்று நம்பிப் பயன்படுத்தினால், கால்சியம் அயனி களிமண்ணில் இருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். சோடியம் களிமண் தண்ணீரில் தகடு தகடாகப் பிரியும், கால்சியம் களிமண் சுமார் 1.9 நானோமீட்டர் இடைவெளியோடு நின்றுவிடும், அதற்குமேல் விரியாமல் கட்டாகவே இருக்கும். அந்தக் கட்டுதான் ஊசியில் அடைக்கிறது. கண்டக்டிவிட்டி மீட்டரை ஒரு தடவை தண்ணீரில் முக்கிப் பாருங்கள், அரை நிமிட வேலை.

களிமண் விரிந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு துளியை கண்ணாடித் தகட்டில் விட்டு இன்னொரு தகட்டால் அழுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பனிபோல ஒரே சீராக மங்கலாக இருந்தால் சரி. ரவை மாதிரி புள்ளி தெரிந்தால் ஊசிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் மணி மணியாகத் தெரிகிறது

எல்லா மணியும் ஒன்றல்ல. இழை இரண்டு பக்கமும் மெலிந்து நடுவில் கதிர்போல வழவழப்பாகப் பருத்திருந்தால் அது பாலிமர் மணி, செறிவு குறைவு அல்லது மின்னூட்டம் குறைவு. இழையின் ஒரு பக்கமாக முட்டிக்கொண்டு, கரடுமுரடாக, தோலுக்கடியில் கல் சிக்கியதுபோல் இருந்தால் அது களிமண் கட்டி. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் என்னென்ன தனிமம் என்று காட்டும் ஈடிஎஸ் போட்டு சிலிக்கானும் அலுமினியமும் வருகிறதா பாருங்கள். முதல் வகைக்குச் செறிவை ஒரு சதவீதம் ஏற்றுங்கள், இரண்டாம் வகைக்கு முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போங்கள், அங்கே வோல்ட்டை ஏற்றி ஒரு பயனும் இல்லை. நன்றாக விரிந்த களிமண் கொஞ்சம் சேர்த்தால் பாகுத்தன்மையும் மின்கடத்தலும் ஏறிப் பாலிமர் மணி தானாகவே குறைவதையும் பார்ப்பீர்கள்.

காலையில் நன்றாக வந்தது, மதியம் ஈரமாக ஒட்டிக்கொண்டது

இது நம் ஊர்ப் பிரச்சினை, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளில் "அறை வெப்பநிலையில் நூற்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அறை எந்த ஊர் அறை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சித்திரை வைகாசியில் காலை பதினொரு மணி வரை மேற்கிலிருந்து காய்ந்த காற்று, மதியம் கடல்காற்று திரும்பியதும் வெயில் கொஞ்சம் தணிகிறது, ஆனால் ஈரம் சட்டென்று ஏறுகிறது. அடையாறு தரமணிப் பக்கம் ஜன்னல் திறந்த அறையில் அரை மணி நேரத்துக்குள் இது தெரியும். ஐப்பசி கார்த்திகையிலோ நாள் முழுக்க ஈரம், ஒப்பு ஈரப்பதம் 80-ஐத் தாண்டி நிற்கும். அதே கரைசல் காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் நடந்துகொள்வது உங்கள் கைப்பிழை அல்ல.

பிவிஏ போலத் தண்ணீரில் கரைத்த பாலிமர் என்றால், காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் இழையிலிருந்து தண்ணீர் ஆவியாக வழியில்லை, ஈரமாகவே கலெக்டரில் விழுந்து ஒன்றோடொன்று உருகி ஒட்டும். எஸ்இஎம்மில் இழைகள் குறுக்கிடும் இடமெல்லாம் பற்றவைத்ததுபோல் தெரியும். குளோரோஃபார்மில் கரைத்த பிசிஎல் என்றால் நேர் எதிர், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது இழையின் மேற்பரப்பு குளிர்கிறது, குளிர்ந்த சொம்பின் மேல் வியர்ப்பதுபோல் காற்றின் ஈரம் அதன்மேல் நுண்துளியாகப் படிகிறது, துளி காய்ந்த இடத்தில் குழி. மேற்பரப்பெல்லாம் துளை. படம் அழகாக இருக்கும், ஆனால் மேற்பரப்பு கூடியதால் மருந்து கொட்டும் வேகமும் கூடும். அதைப் பார்த்துவிட்டுக் களிமண் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஆறு மாத உழைப்பு.

என்ன செய்யலாம்? ரிச்சி தெருவில் சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பெட்டிக்கு உள்ளே வையுங்கள், சுவரில் மாட்ட வேண்டாம். ஒவ்வொரு தடவை நூற்கும்போதும் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பிவிஏவுக்கு 40 முதல் 50 சதவீதத்தில் வைத்துக்கொண்டால் நிம்மதி. பெட்டிக்குள் தட்டில் நீல சிலிக்கா ஜெல் பரப்பி ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள், ரோஸ் நிறமாகிவிட்டால் ஓவனில் 120 பாகையில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். குளோரோஃபார்ம் என்றால் பெட்டியை இறுக மூடாதீர்கள், ஆவி சேரும், காய்ந்த காற்றையோ நைட்ரஜனையோ மெல்ல உள்ளே விட்டு மறுபக்கம் எக்ஸாஸ்ட்டில் இழுக்க வேண்டும். ஏசியை மட்டும் நம்பாதீர்கள், கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும்போது ஈரமும் ஏறி ஏறி இறங்கும். அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்த பாலிமர் டப்பாவையோ மருந்து டப்பாவையோ வெளியே எடுத்த உடனே திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்று உள்ளே போய் அப்படியே தண்ணீராகும், நீங்கள் எடை போடுவதில் ஒரு பங்கு ஈரமாக இருக்கும்.

ஒரே படலத்தில் ஓரிடத்தில் களிமண் அதிகம், ஓரிடத்தில் இல்லை

ஹலாய்சைட்டில் இது சகஜம். குழாய் வடிவக் களிமண், அரை முதல் ஒன்றரை மைக்ரோமீட்டர் நீளம், ஆறு மணி நேரம் சிரிஞ்ச் படுத்தே கிடந்தால் அடிப்பக்கமாகப் படியும். முதல் மணி நேரத்தில் விழுந்ததையும் கடைசி மணி நேரத்தில் விழுந்ததையும் தனித்தனியாக வெட்டி டிஜிஏ (சூடாக்கச் சூடாக்க எடை குறைவதை அளக்கும் சோதனை) போடுங்கள், எரிந்த பின் மிச்சம் ஒன்றாக இல்லையென்றால் விஷயம் இதுதான். பத்து மில்லியை ஒரே தடவை ஏற்றாமல் இரண்டிரண்டு மில்லியாகப் புதிதாகக் கலக்கி ஏற்றுங்கள். டிஜிஏ கணக்கில் ஒரு கவனம்: ஹலாய்சைட் தன் கட்டமைப்பிலுள்ள தண்ணீரை இழந்து சுமார் 15 சதவீதம் எடை குறையும், ஆகவே 5 சதவீதம் போட்டிருந்தால் மிச்சம் 4.25 சதவீதம் வருவதுதான் சரி. முக்கால் சதவீதம் காணோமே என்று தேட வேண்டாம்.

எக்ஸ்ஆர்டியில் உச்சம் காணாமல் போய்விட்டது

எக்ஸ் கதிரை விட்டுத் தகட்டு இடைவெளியை அளக்கும் எக்ஸ்ஆர்டியில் உச்சம் போனதைக் கொண்டாடிக்கொண்டே வருவார்கள், களிமண் முழுக்கத் தகடு தகடாகப் பிரிந்துவிட்டது என்று. கொஞ்சம் பொறுங்கள்.

சாதாரண சோடியம் மாண்ட்மோரில்லோனைட் 7.1 பாகையருகே உச்சம் காட்டும், செம்புக் கதிருக்குப் பிராக் கணக்கு (கோணத்தை இடைவெளியாக மாற்றுவது) போட்டால் தகட்டு இடைவெளி 1.24 நானோமீட்டர். மருந்தோ பாலிமரோ இடையில் புகுந்தால் உச்சம் சிறிய கோணத்துக்கு நகரும், 5 பாகைக்கு வந்தால் 1.77 நானோமீட்டர். நகர்ந்தால் நல்ல செய்தி. நகராமல் அங்கேயே இருந்தால் எதுவும் உள்ளே போகவில்லை, மருந்து வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது அவ்வளவுதான். பெரிய கோணத்துக்கு, 9 பாகையருகே போனால் இடையிலிருந்த தண்ணீர் போய் அடுக்கு மூடிக்கொண்டது, ஓவனில் அதிகம் காய்ச்சியிருப்பீர்கள்.

காணாமல் போனால்? பிரிந்திருக்கலாம். ஆனால் படலத்தில் களிமண் 3 சதவீதம்தான், படலமோ பஞ்சுபோல மெல்லியது, கதிர் படும் இடத்தில் களிமண் இத்தனூண்டுதான் இருக்கிறது, உச்சம் இரைச்சலில் மூழ்கியிருக்கவும் வாய்ப்பு அதே அளவு. ஏழெட்டுப் படலத்தை மடித்து அடுக்கி அழுத்தி மறுபடி எடுங்கள், 2 பாகையிலிருந்து மெதுவாக ஓட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் டிஇஎம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுத்துத் தகடுகளைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். எக்ஸ்ஆர்டியை மட்டும் வைத்துப் பிரிந்தது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

மருந்து களிமண்ணில் ஏறவே இல்லை

களிமண்ணின் மின்னூட்டம் என்ன, மருந்தின் மின்னூட்டம் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாண்ட்மோரில்லோனைட் தகட்டுக்கு எதிர் மின்னூட்டம், அது நேர் மின்னூட்ட மருந்தைத்தான் உள்ளே சேர்க்கும். டெட்ராசைக்ளின் பிஎச் 3-க்குக் கீழே நேர் அயனி, ஏறும். சிப்ரோஃபிளாக்சசின் பிஎச் 6-க்குக் கீழே வைத்தால் ஏறும். டைக்ளோஃபெனாக் சோடியத்தைப் பிஎச் 7-இல் மாண்ட்மோரில்லோனைட்டில் ஏற்ற மூன்று மாதம் போராடிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும், எதிரும் எதிரும் எப்படிச் சேரும்? அதற்கு ஹலாய்சைட் எடுங்கள், அதன் வெளிப்புறம் சிலிக்கா, எதிர் மின்னூட்டம், குழாயின் உட்புறம் அலுமினா, நேர் மின்னூட்டம், எதிர் அயனி மருந்து உள்ளே போய் உட்காரும். ஹலாய்சைட்டில் ஏற்றும்போது வாக்குவமில் வையுங்கள், குழாய்க்குள்ளிருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வாக்குவத்தை விடுவியுங்கள், கரைசல் உள்ளே இழுக்கப்படும், இப்படி மூன்று தடவை.

பிஎச்சை மருந்து கரைத்தபோது மட்டும் பார்த்தால் போதாது. களிமண்ணைப் போட்டதும் பிஎச் ஏறும், சோடியம் களிமண் காரம். கலந்த பிறகு பார்த்து மறுபடி சரிசெய்யுங்கள். அதற்காக அமிலத்தைக் கொட்டினால் ஹைட்ரஜன் அயனியே மருந்தோடு இடத்துக்குப் போட்டியிடும். டெட்ராசைக்ளின் பாட்டிலைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றுங்கள், வெளிச்சத்தில் கெடும்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி மருந்து கொட்டிவிடுகிறது

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம், எல்லோரும் இதைத் தொடக்கத்திலேயே போட்டால் எவ்வளவோ காலம் மிஞ்சும். ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டில் அயனி மாறும் இடம் சுமார் 0.9 மில்லி மோல். டெட்ராசைக்ளின் மூலக்கூறு எடை 444. எல்லா இடத்திலும் ஒவ்வொரு மருந்து உட்கார்ந்தாலும் ஒரு கிராம் களிமண்ணில் 400 மில்லிகிராம்தான். உங்கள் படலத்தில் களிமண் 5 சதவீதம் என்றால் ஒரு கிராம் படலத்தில் களிமண் 50 மில்லிகிராம், அயனி மாற்றத்தில் அது பிடிக்கக்கூடிய மருந்து 20 மில்லிகிராம். நீங்கள் ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராம் மருந்து போட்டிருக்கிறீர்கள். மீதி 80 எங்கே இருக்கும்? இழையின் தோலில். அதுதான் முதல் மணி நேரத்தில் கொட்டுகிறது. பிடிக்க முடியாத அளவு கொடுத்துவிட்டுக் களிமண்ணைக் குறை சொல்ல முடியாது.

சோதிப்பது சுலபம். படலத்தில் ஒரு துண்டை வெட்டி ஒரு நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்து அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பங்கு வந்துவிட்டால் மருந்து மேற்பரப்பில் கிடக்கிறது, எஸ்இஎம்மிலும் இழைமேல் ஊசி ஊசியாகப் படிகம் தெரியும். ஹைட்ரோகுளோரைடு உப்பு குளோரோஃபார்மில் சரியாகக் கரையாது, கரையாதது நூற்கும்போது வெளியே தள்ளப்படும். மருந்தைத் தனியாகவும் களிமண்ணைத் தனியாகவும் கரைசலில் போடும் பழக்கத்தை விடுங்கள். முதலில் களிமண்ணில் ஏற்றி, கழுவி, கழுவிய தண்ணீரையும் அளந்து கணக்கில் கழித்து, காயவைத்து, அதற்குப் பிறகு பாலிமருக்குப் போங்கள். காயத்துக்கான கட்டு என்றால் தொடக்கத்தில் கொஞ்சம் வேகமாக வருவது கிருமியை அடிக்க நல்லதுதான், அதையும் வேண்டாம் என்று துடைத்துவிடாதீர்கள்.

மருந்து வெளிவருவது நாற்பது சதவீதத்தில் நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை

நேர் அயனி மருந்து களிமண்ணுக்குள் இருந்து வெளியே வர, அதன் இடத்தில் உட்கார இன்னொரு அயனி வேண்டும். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் வைத்தால் யார் வந்து உட்காருவது? பிபிஎஸ்ஸில் (உடல் திரவத்தைப் போன்ற பாஸ்பேட் உப்புக் கரைசல்), பிஎச் 7.4, 37 பாகையில் வையுங்கள், சோடியம் உள்ளே போகும், மருந்து வெளியே வரும். பிபிஎஸ்ஸிலும் ஓரிடத்தில் நின்றால் அது சமநிலை, உடம்பில் திரவம் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், குடுவையில் அப்படியில்லை. கரைசலை மாற்றிப் பாருங்கள், மறுபடி ஏறினால் மருந்து உள்ளேதான் இருக்கிறது. கரைசலின் அளவும் முழு மருந்தும் கரைய வேண்டிய அளவைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

பிசிஎல் படலம் தண்ணீரில் மிதக்கும், அதையும் பாருங்கள். மேலே மிதக்கும் பக்கம் நனையவே இல்லை என்றால் அந்தப் பாதி சோதனையிலேயே இல்லை. மெல்லிய எஃகு வலைக்குள் வைத்து மூழ்கடியுங்கள். கடைசி நாளன்று படலத்தை எடுத்துக் கரைப்பானில் கரைத்து, களிமண்ணை உப்பும் அமிலமும் கலந்த கரைசலில் கழுவி, மிச்ச மருந்தை அளந்து, வந்ததோடு கூட்டுங்கள். போட்டதும் கிடைத்ததும் பொருந்தாவிட்டால் மருந்து எங்கோ சிதைந்திருக்கிறது, டெட்ராசைக்ளின் 37 பாகையில் பல நாள் தாங்காது.

யுவி ஒளியில் அளந்த மருந்தளவு ஏறி இறங்குகிறது, சில சமயம் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது

நூற்றைத் தாண்டினால் களிமண் துகள் கரைசலில் கலந்து ஒளியைச் சிதறடிக்கிறது. டெட்ராசைக்ளினை 360 நானோமீட்டரில் அளக்கிறோம், 600-இல் அது ஒளியை உறிஞ்சாது, ஆகவே 600-இல் ஏதாவது அளவு காட்டினால் அது களிமண்தான். அந்த எண்ணை அப்படியே கழித்தால் போதாது, சிற்றலைநீளத்தில் சிதறல் இன்னும் அதிகம். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தெளிந்ததை எடுங்கள், அல்லது 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள், வடிகட்டி தானும் கொஞ்சம் மருந்தைப் பிடிக்கும் என்பதால் முதல் ஒரு மில்லியைக் கொட்டிவிடுங்கள். பிளாங்க்குக்கு (கருவியில் பூஜ்யம் வைக்கும் கரைசல்) வெறும் பிபிஎஸ் வேண்டாம், மருந்தில்லாக் களிமண் படலம் அதே நேரம் ஊறிய பிபிஎஸ்ஸை வையுங்கள். தொடக்கத்தில் நூற்று வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

ஏறிய வரைபடம் மெல்ல இறங்கினால், 50 மில்லியில் ஒவ்வொரு தடவையும் 3 மில்லி எடுத்துப் புதுக் கரைசல் ஊற்றிவிட்டு, எடுத்ததைக் கணக்கில் சேர்க்க மறந்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் 6 சதவீதம் வெளியே போகிறது, பத்துத் தடவை எடுத்தால் தொடக்கச் செறிவில் 54 சதவீதம்தான் மிஞ்சும்.

படலம் கையில் எடுத்ததும் கிழிகிறது

களிமண் அதிகம். இரண்டு மூன்று சதவீதத்தில் வலு கூடும், 5-ஐத் தாண்டியதும் கட்டி கட்டி, கட்டி இருக்கும் இடத்தில் இழை அறும். கூட்டினால் கூடும் என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீரில் போட்டதும் கரைந்துவிட்டது

பிவிஏ அப்படித்தான். மெத்தனாலில் ஊறவைத்துப் படிகத்தன்மையை ஏற்றலாம், ஆனால் மருந்து மெத்தனாலில் கரையுமா என்று முதலில் பாருங்கள். குளுட்டரால்டிஹைடு ஆவியில் வைத்தால் உறுதியாகப் பிணையும், அமீன் உள்ள மருந்தென்றால் அதையும் சேர்த்துப் பிணைத்துவிடும்.

செல்கள் சாகின்றன

மருத்துவப் பொருள் செல்லுக்கு நச்சா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993-5 சோதனையில் செல்களின் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கொள்ள வேண்டும். இங்கே தயவுசெய்து அவசரப்படாதீர்கள், இந்தப் படலம் நாளைக்கு யாரோ ஒருவரின் சர்க்கரைப் புண் மேல் ஒட்டப்போவது.

முதல் சந்தேகம் மிச்சக் கரைப்பான். ஐசிஎச் (மருந்துகளுக்கான சர்வதேச நெறிமுறை அமைப்பு) வரம்பின்படி மருந்துப் பொருளில் குளோரோஃபார்ம் பத்து லட்சத்தில் 60 பங்கு, டைமெத்தில் ஃபார்மமைடு 880 பங்கு வரைதான் இருக்கலாம். டைமெத்தில் ஃபார்மமைடு 153 பாகையில் கொதிப்பது, ஒரு நாள் மேசையில் கிடந்தால் போகாது, வாக்குவம் ஓவனில் 40 பாகையில் இரண்டு மூன்று நாள் வையுங்கள், பிசிஎல் 60 பாகையில் உருகும் என்பதால் அதற்குமேல் ஏற்ற முடியாது. இரண்டாவது, பிணைக்காமல் மிஞ்சிய குளுட்டரால்டிஹைடு, கிளைசின் கரைசலில் கழுவுங்கள். மூன்றாவது களிமண் எந்த வகை என்பது. கடையில் ஆர்கனோகிளே என்று வருவதில் குவாட்டர்னரி அமோனியம் சேர்மம் ஏற்றியிருப்பார்கள், அது குளோரோஃபார்மில் அழகாக விரியும், ஆனால் அந்தச் சேர்மம் கசிந்து வந்தால் செல்லின் சவ்வைக் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பா செய்ய அது சரி, புண்ணுக்கு அது வேண்டாம்.

மருந்தில்லாக் களிமண் படலத்திலும் செல் சாகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயும் செத்தால் இந்த மூன்றில் ஒன்று. அங்கே பிழைத்து மருந்து உள்ளதில் மட்டும் செத்தால் மருந்தின் அளவு அதிகம், கொட்டும் கோளாறுக்குச் சொன்ன 20 மில்லிகிராம் கணக்கை எடுத்து மறுபடி போடுங்கள்.